தூங்குமூஞ்சிப் பானை

"மேல லிஃப்ட் மெயின் சுவிட்சை இறக்கிட்டுத்தானே வந்தே?" என்று டீக்கடையில் நின்றபடி கேட்டான் உதவியாள் கிரீஸ்.

மெக்கானிக் ஒரு வாய் டீயை உறிஞ்சிவிட்டு யோசித்தார். "இறக்கியிருப்பேன்."

"இருப்பேன்னா?"

"ஞாபகம் இல்லப்பா. ஆனா இறக்கியிருப்பேன்."

லிஃப்ட் வேலையில் 'இருப்பேன்' என்ற சொல்லுக்கு மரியாதை கிடையாது. கிரீஸ் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, எதிரே இருந்த குடியிருப்பின் படிகளில் ஏறி, மொட்டை மாடி மோட்டார் அறைவரை போய்ப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

"இறங்கித்தான் இருக்கு. எப்ப இறக்கினே? நான் பக்கத்துலயேதான் இருந்தேன், பார்க்கவே இல்லையே."

"நானும் பார்க்கல," என்றார் மெக்கானிக். "கை அதுபாட்டுக்கு இறக்கிடும்."

இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. பல வருஷம் புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்தியவர். வேலையிடத்துக்குள் நுழைந்ததும் மெயினை ஏற்ற வேண்டும், அங்கிருந்து கிளம்பும்போது இறக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. விதி முதலில் தலையில் இருந்தது. பிறகு மெல்ல இறங்கிக் கைக்குப் போய்விட்டது. தலைக்கு இப்போது அந்த வேலை இல்லை.

டீ டம்ளரைக் கீழே வைக்கும்போதுதான் அவருக்கு அது உறைத்தது. கை அதுபாட்டுக்கு இறக்கும் என்றால், இன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது அந்தக் கை எங்கே இருந்தது?

அவர் வீட்டில் வாசல் கதவை ஒட்டி, செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே, ஒரு சுவிட்ச் பெட்டி இருக்கிறது. அதில் முதலாவது சுவிட்ச் சமையலறை பிளக்குகளுக்கு. சமையலறை பிளக்கில் இன்று காலை மாட்டியிருந்தது, நாள் முழுக்க மெதுவாக வேக வைக்கும் ஸ்லோ குக்கர். ஸ்லோ குக்கருக்குள் இருந்தது அவருடைய மானம்.

விஷயம் இதுதான். அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், கடையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளைத் தேடி வந்தது. கடை சாத்தி வீடு வர நேரமாகும். "ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்று அவள் அன்று கணவனைப் பார்த்தாள். கணவன் கூரையைப் பார்த்தார். பொறுப்பு அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருத்திக்குப் போனது. அன்றிலிருந்து மனைவி அந்த ஒருத்தியிடமே லீவுக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் மெக்கானிக்கை உறுத்தியது.

இப்போது கடையின் முதலாளியம்மா இரண்டாவது கடை திறக்கிறார். அதைப் பார்த்துக்கொள்ள வருகிறாயா என்று மறுபடி கேட்டார். மனைவி வாயைத் திறக்கும் முன்பே, "ராத்திரிச் சாப்பாட்டை நான் பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டார் மெக்கானிக். சொல்லிவிட்ட பிறகுதான், தனக்குச் சமைக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் போய் ஸ்லோ குக்கர் வாங்கி வந்தார். ராத்திரியே பயறை ஊற வைக்க வேண்டியது. காலையில் எழுந்து மலிவாகக் கிடைக்கும் காய்கறியை நறுக்கி, வெங்காயம், தக்காளி, உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூட வேண்டியது. குமிழைக் குறைவான சூட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போக வேண்டியது. வதக்க வேண்டாம், கிளற வேண்டாம், பக்கத்தில் நிற்க வேண்டாம். சாயங்காலம் வந்து திறந்தால் சாப்பாடு. தொட்டுக்கொள்ளக் கடை ரொட்டி. ஒரு மாதம் இப்படி ஓட்டிக் காட்டினால் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்றாள் மனைவி.

ஓட்டிக் காட்டினார். அதுவும் எப்படி? பயறு ஒவ்வொன்றும் உடையாமல் பூவாக வெந்திருக்கும். பச்சையாகப் போட்ட வெங்காயம் வதங்கிய வாசனையோடு வெளியே வரும். மெக்கானிக்குக்கே ஆச்சரியமாக இருந்தது. முதல் வாரம் ஆச்சரியப்பட்டார், இரண்டாவது வாரத்திலிருந்து மற்றவர்களுக்கு வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"கரண்ட் பில்கூட ஏறலப்பா," என்று அவர் சொன்னதைக் கேட்டு கிரீஸும் ஒன்று வாங்கினான். அவன் வீட்டில் பயறு களியாக வந்தது, பில்லும் ஏறியது.

"உனக்கு மட்டும் எப்படிப்பா?" என்று கிரீஸ் கேட்டபோது, மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நடுவுல மூடியைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம்," என்றார்.

இன்றோடு மாதம் முடிகிறது. முதலாளியம்மா பதில் கேட்டார். கேட்டதோடு விடவில்லை. "நானே வந்து சாப்பிட்டுப் பார்க்கறேன். உன் வீடு ஓடுதான்னு தெரிஞ்சாத்தான் என் கடை ஓடும்னு நம்புவேன்," என்று சொல்லிவிட்டார். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு வருகிறார்.

மெக்கானிக் போனை எடுத்தார்.

வீட்டில் பகலில் இருப்பது மாமனார் மட்டும்தான். நெடுந்தூர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளம்பினால் பத்து நாள், பதினைந்து நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார். அந்த நாளெல்லாம் சாப்பாட்டுக்கு என்ன செய்தார் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்துவிட்டால் தண்ணீர்கூடக் கைக்கு வர வேண்டும். ஸ்லோ குக்கர் வந்த முதல் நாளே அதற்குத் 'தூங்குமூஞ்சிப் பானை' என்று பெயர் வைத்தவர் அவர்தான். "காலைல போட்டா சாயங்காலம் வேகுதுன்னா, அது சமைக்குதா, இல்ல உங்களை மாதிரி ஆபீஸ் போய்ட்டு வருதா?" என்று கேட்டார்.

"மாமா, நான்தான். தூங்கிட்டிருந்தீங்களா?"

"தூங்கறவன் எப்படி மாப்பிள்ளை போனை எடுப்பான்?"

"கிச்சன்ல பானை ஓடுதான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

"ஓடுது."

"போய்ப் பார்த்துச் சொல்லுங்க மாமா."

"பார்த்துட்டேன். ஓடுது."

நாற்காலி நகர்ந்த சத்தம் இல்லை, செருப்புச் சத்தம் இல்லை. மனிதர் இருந்த இடத்தை விட்டு அசைந்த மாதிரியே தெரியவில்லை.

"சின்ன லைட் ஒண்ணு இருக்குமே, எரியுதா?"

"ஜோரா எரியுது."

"என்ன கலர்?"

"நல்ல கலர்தான்," என்றார் மாமனார்.

"மாமா, சிவப்பா பச்சையா?"

"பச்சை."

பானையில் இருப்பது சிவப்பு விளக்கு. மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மாமா, பிளக்குக்கு மேல இருக்கற சுவிட்சை ஒரு தடவை தட்டுங்க."

"தட்டியாச்சு."

"இப்ப?"

"இப்ப இன்னும் பச்சையா இருக்கு. மாப்பிள்ளை, நீங்க வேலையப் பாருங்க. சாயங்காலம் வரும்போது எல்லாம் சரியா இருக்கும்." போனை வைத்துவிட்டார்.

மெக்கானிக் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பானை அணைந்திருந்து, மாமனார் தட்டியிருந்தால் இப்போது ஓடும். ஓடிக்கொண்டிருந்து, தட்டியிருந்தால் இப்போது அணைந்திருக்கும். தட்டவே இல்லை என்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை. போன் பண்ணுவதற்கு முன்னால் ஒரே ஒரு சந்தேகம் இருந்தது, இப்போது மூன்றாகிவிட்டது.

"கீழ் வீட்டுல யாராவது இருப்பாங்கல்ல? அவங்களைப் போய்ப் பார்க்கச் சொல்லு," என்றான் கிரீஸ்.

கீழ் வீட்டுப் பெண் கைக்குழந்தைக்காரி, குழந்தைக்காக வேலையிலிருந்து லீவு எடுத்து வீட்டோடு இருக்கிறாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணா, நானே உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்கக் கூடாது..."

"அப்புறம் சொல்லும்மா. இப்ப எனக்கு ஒரு உதவி. மேல போய், எங்க வீட்டு கிச்சன்ல பானை ஓடுதான்னு உன் கண்ணால பார்த்துச் சொல்லணும்."

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"ஐயா கதவைத் திறந்தார் அண்ணா. ஆனா பாதிதான் திறந்தார். பானையப் பார்க்கணும்னு சொன்னேன். பானை தூங்குது, எழுப்பாதேன்னு சொல்லிட்டுச் சாத்திட்டார்."

"உள்ளயே விடலையா?"

"விடல. ஆனா வாசனை நல்லா வருது அண்ணா. வெங்காயம் வதங்கற வாசனை படி வரைக்கும் வருது. அப்புறம் அந்த இன்னொரு விஷயம்..."

"வாசனையா?" என்று மெக்கானிக் எழுந்து நின்றார். "இந்நேரத்துக்கா? சரிம்மா, அப்புறம் பேசறேன்."

குறைந்த சூட்டில் வைத்த பானை இந்நேரத்துக்கு வாசனை விடக் கூடாது. இது கிரீஸுக்கே தெரியும். "குமிழைத் திருகிட்டாரோ என்னவோ. எங்க வீட்டுல ஒரு நாள் இப்படித்தான், அதிக சூட்டுல வெச்சுட்டுப் போயிட்டோம். சாயங்காலம் சுரண்டித்தான் எடுத்தோம்," என்று ஆறுதல் சொன்னான்.

இதுவரை வேகவில்லையே என்று பயந்தவர், இப்போது ஒரேயடியாக வெந்துவிடுமோ என்று பயந்தார். மறுபடி மாமனாரைக் கூப்பிட்டார்.

"மாமா, பானையில குமிழ் இருக்கும் பாருங்க. அதைக் குறைங்க."

"குறைச்சாச்சு."

"எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"நீங்க எவ்வளவு வைக்கச் சொல்றீங்களோ அவ்வளவு. மாப்பிள்ளை, இப்படி நிமிஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணா மனுஷன் எப்படி வேலை பார்க்கறது?"

"உங்களுக்கு என்ன மாமா வேலை?"

போன் துண்டிக்கப்பட்டது.

மெக்கானிக் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக ஒரு எண்ணம் தலையெடுத்தது. நல்ல எண்ணம் இல்லை. மாமனாருக்குத் தன் மகள் அந்தப் பொறுப்பை ஏற்பதில் இஷ்டம் இல்லையோ? விளக்கைப் பார்க்காமலே கலர் சொல்கிறார். கீழ் வீட்டுப் பெண்ணை உள்ளே விட மறுக்கிறார். போன வாரம் சமையல் காஸ் சிலிண்டர் தீர்ந்தபோதுகூட, "பானை வந்தும் காஸ் மிச்சமாகலையே, என்ன பானை இது?" என்று முதலில் குத்திக்காட்டியவர் அவர்தான். மகள் ராத்திரியில் நேரத்தோடு வீட்டுக்கு வந்து தட்டை வைக்க வேண்டும் என்று நினைக்கிறாரோ?

"அவர் வேணும்னே கெடுக்கறார்ப்பா," என்றார் மெக்கானிக்.

"சேச்சே, பெத்த பொண்ணுக்கா?"

"பெத்த பொண்ணுக்கு இல்ல. கட்டிக்கொடுத்த மாப்பிள்ளைக்கு."

கிரீஸுக்கும் ஒரு மாமனார் உண்டு. அதனால் அவன் அதற்கு மேல் மறுத்துப் பேசவில்லை.

மதியத்துக்கு மேல் பழுது சரியானது. மெயினை ஏற்றி, லிஃப்டை நான்கைந்து தடவை ஓட்டிப் பார்த்தார்கள். கிரீஸ் கீழே போய்க் கதவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். மெக்கானிக் மேலே மோட்டார் அறையில் சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டார். சீக்கிரம் வீட்டுக்குப் போனால், கெட்டதைச் சரிசெய்யக் கொஞ்ச நேரமாவது கிடைக்கும். அறையைப் பூட்டினார். படிகளில் தடதடவென்று இறங்கினார். கிரீஸிடம் தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். இரண்டு தெரு தாண்டுவதற்குள் போன் அடித்தது.

"எங்க இருக்கே?" என்றான் கிரீஸ். "உடனே திரும்பி வா."

"என்னாச்சு?"

"செகரட்டரி லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கார். லிஃப்ட் சரியாயிடுச்சான்னு பார்க்க ஏறினாராம். ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. நீ மெயினை இறக்கிட்டியா?"

மெக்கானிக் சாலையோரம் வண்டியை நிறுத்திக் கையைப் பார்த்தார். கை ஒன்றும் தெரியாத மாதிரி பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. மோட்டார் அறைச் சாவி அதன் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து, படியேறி, அறையைத் திறந்து மெயினை ஏற்றினார். அந்தக் குடியிருப்பின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் செகரட்டரி வியர்வையோடு வெளியே வந்தார். திட்டுவார் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். செகரட்டரி திட்டவில்லை.

"இனிமே இதுல நான் தனியா ஏற மாட்டேன். நீங்களும் என்கூட வாங்க. எனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் போய்ட்டுப் போய்ட்டு வருவோம்," என்றார்.

செகரட்டரிக்கு நம்பிக்கை லேசில் வருவதில்லை. மேலும் கீழுமாக அவர்கள் போய் வந்துகொண்டிருக்கையில், கீழ் வீட்டுப் பெண்ணின் போன் ஒரு முறை வந்தது.

"அண்ணா, இப்பவாவது சொல்லலாமா?"

"இப்ப லிஃப்ட்ல இருக்கேன்மா," என்றார் மெக்கானிக். போனில் சிக்னல் அதோடு போய்விட்டது.

அடுத்து மனைவி கூப்பிட்டாள். "நீங்க இன்னும் கிளம்பலையா? முதலாளியம்மா கடையச் சீக்கிரமே சாத்திட்டாங்க. நாங்க வீட்டுக்குப் போய்ட்டிருக்கோம். வரும்போது ரொட்டி வாங்கிட்டு வாங்க." குரலில் ஒரு துள்ளல் இருந்தது. கல்யாணமான புதிதில் கேட்ட குரல் அது.

"ஹோட்டல்ல பார்சல் வாங்கிட்டுப் போய்ப் பானையில ஊத்திடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்று யோசனை சொன்னான் கிரீஸ்.

மெக்கானிக் ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார். "வேண்டாம்ப்பா. யாரோ சமைச்சதை நான் சமைச்சேன்னு சொல்லி அந்தம்மா முன்னாடி வைக்க எனக்கு மனசு வராது."

ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். படியேறி, கதவைத் தள்ளி, செருப்பைக் கழற்றினார். அப்போதுதான் தன் வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருப்பதைக் கண்டார். கை சுவிட்ச் பெட்டியில் இருந்தது. இறங்கியிருந்த முதல் சுவிட்சை அது சாவகாசமாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தது.

ஆக, காலையில் இறக்கியது உண்மை. பகல் முழுக்கச் சமையலறையில் கரண்ட் இல்லை. மாமனார் பிளக் சுவிட்சைத் தட்டியிருந்தாலும் சரி, குமிழைத் திருகியிருந்தாலும் சரி, பானைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. உள்ளே பயறு காலையில் போட்டபடியே, பச்சைத் தண்ணீரில், பச்சை வெங்காயத்தோடு உட்கார்ந்திருக்கும். வேறு ஏதோ ஒன்றும் அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஆனால் அது முழுசாகத் தோன்றுவதற்குள், "வாங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்," என்றார் கூடத்தில் உட்கார்ந்திருந்த முதலாளியம்மா.

கனமான கண்ணாடி போட்ட, நேராக விஷயத்துக்கு வருகிற அம்மா. "உங்க பானையப் பத்தி இவ ஒரு மாசமா சொல்லிட்டிருக்கா. மூடியத் திறக்கக் கூடாதாமே, நீங்கதான் திறக்கணுமாமே. பசிக்குது, வந்து திறங்க."

மாமனார் மூலையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மருமகனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மெக்கானிக் மனைவியைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். பானை தன் இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. இப்போதுதான் கரண்ட் வந்த சந்தோஷத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது வேகல," என்றார்.

"என்னது?"

"காலைல போகும்போது கிச்சன் லைனை இறக்கிட்டேன். இப்பதான் ஏத்தினேன். வேணும்னு செய்யல, கை செஞ்சிடுச்சு. மத்தியானத்துலேர்ந்து எவ்வளவோ போராடிப் பார்த்துட்டேன்." அவர் ரொட்டிப் பொட்டலத்தை மேடையில் வைத்தார். "உனக்கு மறுபடியும் இப்படி ஆயிடுச்சே."

அவள் பானையைப் பார்த்தாள். கூடத்தைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். அவள் சேலை முனையால் மேடையில் இல்லாத ஒரு கறையைத் துடைத்தாள்.

"பரவாயில்லீங்க," என்றாள். "ஒரு மாசம் செஞ்சீங்களே, அதுவே எனக்குப் போதும். வெளிய ஏதாவது வாங்கிக் கொடுத்து அனுப்பிடுவோம். நான் முடியாதுன்னு சொல்லிடறேன்."

அந்தப் 'பரவாயில்லீங்க' ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் கேட்ட அதே 'பரவாயில்லீங்க'. இதைவிட அவள் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"என்ன அங்க மாநாடு?" சமையலறை வாசலில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். பேப்பர் இன்னும் கையில் இருந்தது. "வெந்துச்சா வேகலையான்னு திறந்து பார்த்தாத்தானே தெரியும். மூடின பானைக்கு முன்னாடி நின்னு அழுதா எப்படி?"

மகளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சலோடு மூடியைத் தூக்கினாள்.

லேசாக ஆவி கிளம்பியது. பயறு ஒவ்வொன்றும் உடையாமல், பூவாக, உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் நடுவில் பளபளத்தது. வதங்கிய வெங்காயத்தின் வாசனை கூடம்வரை போனது.

"நல்ல வாசனையா இருக்கே," என்றார் முதலாளியம்மா கூடத்திலிருந்து.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமனார் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு ரொட்டி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளியம்மா பேசாமல் சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தட்டை வழித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இது போதும். இந்த வீடு ஓடும். வர்ற திங்கட்கிழமையே நீ புதுக் கடைச் சாவியை வாங்கிக்கோ," என்றார்.

மனைவி சரி என்று தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்தது, காரம் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பயறில் காரமே இல்லை.

இதோடு விட்டிருந்தால் மெக்கானிக் பிழைத்திருப்பார். ஆனால் மனிதருக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. நடுவில் விட்டுப்போன அந்த எண்ணம் இப்போது முழுசாகத் தோன்றியது.

"மேடம், ஒரு உண்மையச் சொல்லட்டுமா? இன்னைக்கு இந்தப் பானைக்கு நாள் முழுக்கக் கரண்டே இல்ல. கிச்சன் லைனை நான் காலைலயே இறக்கிட்டேன்."

"அப்புறம் எப்படி வெந்துச்சு?"

"அதைத்தான் யோசிச்சேன். காலைல நான் குளிச்சுக் கிளம்பற வரைக்கும் கொஞ்ச நேரம் ஓடுதுல்ல? அந்தச் சூட்டையே பானை பிடிச்சு வெச்சுக்குது. பீங்கான் பாருங்க, கனம். அதுலயே நாள் முழுக்க வெந்துடுது." அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. "இன்னைக்கு மட்டும் இல்ல மேடம். என் கை தினமும் போகும்போது இறக்குது, வரும்போது ஏத்துது. ஒரு மாசமா இப்படித்தான் நடந்திருக்கு. அதனாலதான் கரண்ட் பில் ஏறல. கிரீஸ் நாள் முழுக்க ஓட விடறான், அதான் களியாகுது. கரண்டைக் கொடுத்துட்டு உடனே நிறுத்திடணும். அதுதான் சூட்சுமம்."

மாமனாருக்குப் புரை ஏறியது. மகள் எழுந்து தலையில் தட்டினாள்.

"நல்ல விஷயமா இருக்கே," என்றார் முதலாளியம்மா. "ரெண்டு கடைப் பொண்ணுங்களுக்கும் நீங்க ஒரு நாள் வந்து சொல்லிக் கொடுங்க. எல்லாருக்கும் ஆளுக்கொரு பானை வாங்கித் தந்துடறேன்."

"தாராளமா வரேன் மேடம்."

வாசலில் யாரோ தயங்கிக் கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டுப் பெண். தோளில் குழந்தை முழு விழிப்பில், எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க அண்ணா, சாப்பிடற நேரத்துல வந்துட்டேன். போன்ல சொல்லவே முடியல," என்றாள். "உங்க வீட்டு குக்கர் தினமும் மத்தியானம் விசில் அடிக்குதுல்ல? சரியா இவன் கண்ணசர்ற நேரம். ஒரு மாசமா இவனும் தூங்கல, நானும் தூங்கல. ஒரே ஒரு விசிலாவது குறைச்சுக்க முடியுமா?"

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். "அம்மா, வேற வீடா இருக்கும்மா. எங்க பிரஷர் குக்கரை அலமாரி உச்சியில ஏத்தி ஒரு மாசமாச்சு. இது ஸ்லோ குக்கர். இதுக்கு விசிலே கிடையாது."

அவள் குழப்பத்தோடு கூடத்தின் மூலையைப் பார்த்தாள். மற்றவர்களும் அங்கே பார்த்தார்கள். மாமனார் தட்டில் இருந்த கடைசித் துண்டு ரொட்டியால் பயறைச் சுருட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"குறைக்க முடியாதும்மா. ஒரு விசில் குறைஞ்சாலும் இந்தப் பயறு வேகாது."